மூக்கிலிருந்து தொடங்குங்கள்: பையில் வைக்கும் பல்பயன் கருவியைக் கையால் செய்ய முழுமையான வழிகாட்டி

நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 20, தடிமன் 4. இந்த அளவுள்ள ஒரே எஃகுப் பட்டையிலிருந்து, தினமும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு பல்பயன் கருவியைச் செய்யப்போகிறோம். இதில் மடக்கு, கீல், ஸ்பிரிங் எதுவும் கிடையாது. முன்முனை, அதாவது மூக்கு, நெம்பும், பட்டைத் திருப்புளியாகவும் பயன்படும். நடுவிலுள்ள அறுகோணத் துளையில் ஸ்க்ரூ பிட்டுகள் (மாற்றிப் பொருத்தும் திருப்புளி முனைகள்) பொருந்தும். பக்கவாட்டு வெட்டு பாட்டில் மூடியைத் திறக்கும். பின்முனையில், அதாவது வாலில், சாவி வளையத்துக்கு ஒரு துளை. அவ்வளவுதான்.

கத்தி அலகை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். உறையில்லாத கூர்முனை பையில் இருக்கக் கூடாது. பல நாடுகளில் கத்தி வைத்திருப்பதற்குத் தனிச் சட்டங்களும் உண்டு. அலகு இல்லாவிட்டாலும் விமான நிலையச் சோதனையில் இதை நிறுத்திவிடலாம் என்பதால், பயணத்தில் சரக்குப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது.

முதல்முறை செய்பவர்களுக்கு ஐந்தாவது, ஆறாவது வேலையையும் சேர்த்துவிடும் ஆசை வரும். ஒரு ஓரத்தில் ரம்பப் பல், இன்னொரு ஓரத்தில் ஸ்பேனர் வாய், நீளம் அளக்கக் கோடுகள் என்று பட்டியல் வளரும். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு வெட்டும் எஃகிலிருந்து ஒரு பங்கை எடுத்துவிடுகிறது. அதை எந்த இடத்திலிருந்து எடுக்கலாம், எந்த இடத்திலிருந்து எடுக்கக் கூடாது என்று தெரிந்தால்தான் கருவி நிலைக்கும்.

விசை எங்கே போகிறது?

நெம்பும்போது மூக்கு நுனி பொருளுக்கு அடியில் இருக்கும். நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் பின்னால் கருவி ஏதோ ஒரு விளிம்பின்மேல் தங்கியிருக்கும். அதுதான் ஆதாரப் புள்ளி. கை மறுமுனையில் அழுத்தும். வளைக்கும் விசை அந்த ஆதாரப் புள்ளியில் உச்சத்தில் இருந்து, கையை நோக்கி வர வரக் குறைந்துகொண்டே போகும். இந்தக் கருவியின் வடிவமைப்பு முழுவதும் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறப்பதுதான்.

கணக்காகப் பார்ப்போம். மூக்கு 18 மில்லிமீட்டர் தூரத்துக்குள் 4 மில்லிமீட்டர் தடிமனிலிருந்து 1.2 ஆகவும், 20 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 6.5 ஆகவும் குறுகுகிறது. ஆதாரப் புள்ளி நுனியிலிருந்து 8 மில்லிமீட்டரில் இருக்கிறது என்றால், அங்கே தடிமன் சுமார் 2.4, அகலம் 12.5. வளையத் துளையில் 20 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்தால், அந்த இடத்தில் எழும் தகைவு, அதாவது எஃகின் ஓர் அலகுப் பரப்பின்மேல் விழும் விசை, சுமார் 1,100 மெகாபாஸ்கல். பதப்படுத்தாத கருவி எஃகு 400 சுமாரிலேயே வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். அதே விசைக்கு, நுனியிலிருந்து 45 மில்லிமீட்டரில் உள்ள அறுகோணத் துளையின் இருபுறமும் எழும் தகைவு சுமார் 170 மட்டுமே. துளையின் விளிம்பில் தகைவு குவியும் என்பது உண்மை. இழுக்கப்படும் அகன்ற தகட்டில் ஒரு வட்டத் துளையின் ஓரத்தில் அது மூன்று மடங்காகும். அந்த மூன்று மடங்கை அப்படியே சேர்த்தாலும் மூக்கில் இருப்பதில் பாதியைத் தொடவில்லை.

ஆகவே துளைகளும் வெட்டுகளும் கைப்பக்கம் போக வேண்டும். மூக்கில் குறுக்கே ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. தடிமனையும் குறைக்காதீர்கள். வளைவுக்கு எதிரான வலிமை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 3 மில்லிமீட்டர் பட்டைக்கு 4 மில்லிமீட்டர் பட்டையின் வலிமையில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

எஃகைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கருவிக்கு ஓ-1 எனப்படும், எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் கருவி எஃகையே வாங்குங்கள். சுமார் 0.9 சதவீதம் கார்பனும், கொஞ்சம் மாங்கனீசு, குரோமியம், டங்ஸ்டனும் உள்ள எஃகு இது. மென்மையான நிலையில், இருபுறமும் சமமாகத் தேய்த்த பட்டையாகக் கிடைக்கிறது. சாதாரண அரமே போதும். உலையில்லாமல், செங்கல் அடுக்கி கேஸ் டார்ச் வைத்தே இதைக் கடினமாக்க முடியும்.

பழைய அரத்தை உருமாற்றலாமே என்று பலர் கேட்பார்கள். செய்யலாம். ஆனால் அதைச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். பிறகு பல் வரிகளை அடிவரை தேய்த்தெடுக்க வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு வரியும் விரிசலுக்கு விதை. வண்டியின் பட்டைவில் எஃகு நெம்புவதற்கு அருமையான பொருள், ஆனால் பழைய வில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கலாம். துருப்பிடிக்காத எஃகைக் கடினமாக்க 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கட்டுப்பாடான உலை தேவைப்படும். டைட்டானியம் எடை குறைவு, துருவும் ஏறாது. ஆனால் அதில் செய்த திருப்புளி முனை சீக்கிரம் தேய்ந்து உருண்டுவிடும், அதன் பொடியோ எளிதில் தீப்பற்றும். துத்தநாகம் பூசிய இரும்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் காய்ச்சாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

அட்டையில் ஒரு நாள்

வடிவத்தை முதலில் கெட்டி அட்டையில் வெட்டுங்கள். மூன்று நான்கு அட்டைகளை ஒட்டித் தடிமனை 4 மில்லிமீட்டர் ஆக்கி, ஒரு நாள் முழுவதும் பையில் வைத்துக்கொண்டு நடங்கள், உட்காருங்கள், குனியுங்கள். எந்த மூலை தொடையில் குத்துகிறது என்பது அப்போதுதான் தெரியும். எஃகில் செய்து முடித்தால் எடை 45 கிராம் அளவில் வரும்.

பிறகு பட்டையின்மேல் மார்க்கர் மையைப் பூசி, காய்ந்ததும் கூரான எழுத்தாணியால் கோடு கீறுங்கள். நுனியிலிருந்து 45 மில்லிமீட்டரில் அறுகோணத்தின் மையம். 55 முதல் 69 வரை பாட்டில் வாய். 77 மில்லிமீட்டரில் வளையத் துளையின் மையம்.

துளைதான் முதல் வேலை

பட்டையை 85 மில்லிமீட்டருக்கு இப்போதே அறுத்துவிடாதீர்கள். முழு நீளமாக இருக்கும்போது வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் பற்றுக்கருவி) பிடிக்க வசதியாக இருக்கும். துளைகளெல்லாம் முடிந்த பிறகு அறுத்துக்கொள்ளலாம்.

மையங்களில் சென்டர் பஞ்ச் எனும் கூர்முனை எஃகு ஆணியால் ஒரு தட்டு தட்டிக் குழி செய்யுங்கள். முதலில் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் துளையிட்டு, பிறகு பெரிதாக்குங்கள். 6 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று போதும். வேகம் கூடினால் பிட்டின் முனைதான் கருகும். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பிட் மறுபக்கம் வெளியேறும் கணத்தில்தான் பட்டையைக் கவ்விச் சுழற்றும். ஆகவே பட்டையைக் கையால் பிடிக்கவே கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், சுழலும் டிரில் அருகே கையுறை அணியாதீர்கள்.

வளையத்துக்கு 5 மில்லிமீட்டர் துளை. அறுகோணத்துக்கு இப்போதைக்கு 6 மில்லிமீட்டர் வட்டத் துளை. எல்லாத் துளைகளின் விளிம்பையும் பெரிய பிட்டால் கையாலேயே ஒரு சுற்று சுற்றிச் சரித்துவிடுங்கள்.

வட்டத்தை அறுகோணமாக்குதல்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உலகெங்கும் புழங்கும் ஸ்க்ரூ பிட்டின் தண்டு எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், எதிரெதிர் மூலைகளுக்கு இடையே சுமார் 7.33. நம் துளை 6 மில்லிமீட்டர். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் எடுக்க வேண்டியது இம்மியளவே; வேலை பெரும்பாலும் ஆறு மூலைகளில்தான் இருக்கிறது.

அறுகோணத்தை எப்படித் திருப்பி வைப்பது என்பது முக்கியம். இரண்டு பக்கங்கள் பட்டையின் நீள ஓரங்களுக்கு இணையாக இருக்க வேண்டும். அப்போது இரண்டு மூலைகள் மூக்கையும் வாலையும் பார்க்கும். மாறாக மூலைகள் நீள ஓரங்களைப் பார்த்தால், தகைவு குவியும் இடத்திலேயே ஒரு கூர்வெட்டைப் போட்டதாகிவிடும்.

முக்கோண ஊசி அரத்தை எடுங்கள். அதன் விளிம்புக் கோணம் 60 டிகிரி, நமக்கு வேண்டிய மூலை 120 டிகிரி. ஆகவே அரத்தின் ஒரு முகம் அறுகோணத்தின் ஒரு பக்கத்தில் முழுமையாகப் படுத்திருக்க, விளிம்பு மூலைக்குள் புகும். எதிர்முகம் எதையும் தொடாது. முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். ஒரு மூலையில் ஐந்தாறு தள்ளு, பிறகு அதன் எதிர்மூலை, பிறகு அடுத்த ஜோடி. ஒரே மூலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அறுகோணம் கோணலாகிவிடும்.

உண்மையான ஸ்க்ரூ பிட் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டில் மார்க்கர் மையைத் தடவித் துளையில் லேசாக அழுத்தி எடுத்தால், எங்கே தட்டுகிறதோ அங்கே மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு தள்ளு. திரும்பவும் மை, திரும்பவும் அழுத்தம். ஒரு மணி நேரம் ஆகலாம். விரல் அழுத்தத்தில் பிட் உள்ளே போக வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. வெர்னியர் அளவுகோலில் 6.40 காட்டினால் நிறுத்திவிடுங்கள். 4 மில்லிமீட்டர் ஆழம் பிட்டைத் தானாகப் பிடித்து நிறுத்தாது. பயன்படுத்தும்போது பிட்டின் தலையை ஒரு விரலால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பாட்டில் வாய்

உலோக மூடிக்கு 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்றார். இன்றைய மூடியின் ஓரத்தில் 21 மடிப்புகள் இருக்கும். அதில் ஒன்றிரண்டை அடியிலிருந்து கொக்கி தூக்கினால் போதும். நம் கருவியில் வால்முனை மூடியின் தலையில் தங்கும், வாயின் மூக்குப்பக்கச் சுவரிலுள்ள கொக்கி மூடியின் ஓரத்துக்கு அடியில் புகும், கை மூக்குப் பக்கத்தைத் தூக்கும். வாயின் ஆழம் 8 மில்லிமீட்டர், அகலம் 14. உங்களிடமுள்ள மூடியில் அட்டை மாதிரியை வைத்துப் பார்த்து, தேவையானால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாற்றிக்கொள்ளுங்கள்.

வாயின் இரு உள்மூலைகளிலும் முதலில் துளையிடுங்கள், பிறகு ஓரத்திலிருந்து ஹாக்சா பிளேடால் அந்தத் துளைகளுக்கு அறுத்து வாருங்கள். அங்குலத்துக்கு 24 பல்லுள்ள பிளேடு சரியாக இருக்கும். 4 மில்லிமீட்டர் தடிமனில் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்கும். துளையிலிருந்து கிடைத்த வளைவை அப்படியே விட்டுவிடுங்கள். அழகுக்காக மூலையைச் சதுரமாக்க வேண்டாம். நான் முதலில் செய்த கருவியில் சதுரமாக்கினேன். கடினமாக்குவதற்காக எண்ணெயில் இறக்கிய இரண்டாவது நொடியில் "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். துடைத்துப் பார்த்தபோது அந்த மூலையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது. மூன்று மாலைகளின் உழைப்பு அது. அன்றிலிருந்து அறுகோணத்தைத் தவிர வேறு எந்த உள்மூலைக்கும் 1 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவான வளைவை நான் வைப்பதில்லை.

மூக்கு

இப்போது பட்டையை 85 மில்லிமீட்டருக்கு அறுத்து, மூக்கைச் செதுக்குங்கள். பெரிய அரத்தால் இரு முகங்களையும் சமமாகச் சரியுங்கள். நுனியின் தடிமன் 1.2, அகலம் 6.5 என்பது நடுத்தரப் பட்டைத் திருப்புளியின் அளவு. நுனியின் கடைசி 2 மில்லிமீட்டரில் இரு முகங்களும் ஏறக்குறைய இணையாக இருக்கட்டும். ஆப்பு வடிவில் முடிந்தால் ஸ்க்ரூவின் பள்ளத்திலிருந்து வழுக்கி ஏறிவிடும். அரத்தில் சாக்குக் கட்டியைத் தேய்த்துக்கொண்டால் எஃகுத் துகள் பல்லிடுக்கில் சிக்காது. சிக்கிய துகள்தான் ஆழமான கீறலைப் போடுகிறது.

பிறகு 120, 220, 400 என்று உப்புத்தாள். கடைசித் தேய்ப்பு நீளவாட்டில் இருக்க வேண்டும். மூக்கின் குறுக்கே ஓடும் கீறல், வளையும்போது வாய் திறக்கும். நீளவாட்டுக் கீறலோ விசையின் வழியிலேயே படுத்திருப்பதால் தீங்கு செய்யாது. அளவுக்கோடு வெட்டக் கூடாது என்று சொன்னதற்கும் இதுவே காரணம். எல்லா வெளி ஓரங்களையும் அரை மில்லிமீட்டர் மழுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பை கிழியும்.

தோய்ச்சல்

முதலில் வெட்டி எறிந்த துண்டில் பழகுங்கள். அதைக் காய்ச்சித் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் வைத்து உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிற வெல்வெட் போல நுண்மையாக இருந்தால் சூடு சரி. சர்க்கரைப் பரல் போல மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு துண்டு கற்றுத்தருவதை எந்த அட்டவணையும் கற்றுத்தராது.

ஓ-1 எஃகுக்கு 790 முதல் 815 டிகிரி வரை தேவை. தீச்செங்கல்களால் சின்னக் குகை போல அமைத்து, கேஸ் டார்ச்சை உள்ளே காட்டுங்கள். மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்தால்தான் நிறம் தெரியும். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படுவதை நிறுத்திவிடும். அதுவே நமக்கு வெப்பமானி. அந்த நேரத்தில் கூர்ந்து பாருங்கள். சிவந்த எஃகுக்குள் கருமையான ஒரு நிழல் மெல்ல நகர்ந்து போகும். உள்ளமைப்பு மாறும்போது எஃகு வெப்பத்தை விழுங்குவதால் எழும் நிழல் அது. நிழல் முழுவதும் மறைந்து, நிறம் ஒரே சீராகி, இன்னும் ஒரு படி ஏறியதும் மூன்று நான்கு நிமிடம் அதே நிறத்தில் பிடித்துவையுங்கள். மெல்லிய மூக்கு முதலில் சூடேறும். ஆகவே தீயை உடலில் காட்டி, மூக்குக்குத் தானாகப் பரவவிடுங்கள்.

உயரமான உலோகப் பாத்திரத்தில் இரண்டு லிட்டருக்குக் குறையாத தாவர எண்ணெய், 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கியது, பக்கத்திலேயே தயாராக இருக்கட்டும். பழைய என்ஜின் எண்ணெய் வேண்டாம், அதன் புகை நஞ்சு. பாத்திரத்துக்குப் பொருந்தும் உலோக மூடியும் ஒரு வாளி உலர்ந்த மணலும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, மூக்கு முன்னே போக, செங்குத்தாக ஒரே மூச்சில் இறக்குங்கள். மேலும் கீழும் மட்டும் ஆட்டுங்கள்; பக்கவாட்டில் கலக்கினால் ஒரு முகம் முந்திக் குளிர்ந்து பட்டை வளைந்துவிடும். பத்து விநாடிக்குப் பிறகு எடுத்து, வைஸில் இரண்டு தட்டைத் தகடுகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிடுங்கள். லேசான வளைவு அப்போதே நிமிர்ந்துவிடும். முழுவதும் ஆறிய பிறகு நிமிர்த்தப் பார்த்தால் முறிந்துவிடும்.

பழைய அரத்தால் ஓரத்தை உரசிப் பாருங்கள். கண்ணாடிமேல் போவதுபோல வழுக்கினால் எஃகு கடினமாகிவிட்டது. இந்த நிலையில் ராக்வெல் சி எனும் கடினத்தன்மை அளவில் 64 வாக்கில் இருக்கும்; கீழே விழுந்தாலே உடையலாம்.

மறுசூடு

இந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்கவே மறுசூடு. கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் தாமதிக்காமல் சோப்பால் எண்ணெயைக் கழுவித் துடைத்து, 250 டிகிரி ஓவனில் மணல் பரப்பிய தட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு இன்னொரு முறை இரண்டு மணி நேரம். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்துக்கொள்ளுங்கள்.

உடலுக்கு இது போதும், மூக்குக்குப் போதாது. மூக்கை வெள்ளி போலப் பளிச்சென்று தேய்த்துவிட்டு, நுனியிலிருந்து 25 மில்லிமீட்டர் பின்னால், தடித்த இடத்தில் சின்னத் தீயைக் காட்டுங்கள். பாட்டில் வாயும் வாலும் ஈரத்துணிக்குள் இருக்கட்டும். தேய்த்த முகத்தில் நிறங்கள் நுனியை நோக்கி ஓடி வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, கத்தரிப்பூ நிறம், பிறகு நீலம். 300 டிகிரியை நெருங்கும் அந்த நீலம் நுனியைத் தொட்டதும் தீயை விலக்கித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். அவசரப்பட்டுப் பெரிய தீ வைத்தால் நான்கு நிறமும் ஒரு நொடியில் ஓடி முடிந்துவிடும். தவறிப்போனால் திரும்பத் தேய்த்து நிறத்தைப் பின்னுக்குக் கொண்டுவர முடியாது. தோய்ச்சலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

எடை தொங்கவிட்டுச் சோதித்தல்

மூக்கின் 8 மில்லிமீட்டரை வைஸில் கிடைமட்டமாக இறுக்குங்கள். கண்ணாடி அணிந்து, கருவியைக் கெட்டித் துணியால் மூடி, வளையத் துளையில் கயிறு கட்டி 10 கிலோ தொங்கவிடுங்கள். பிறகு 15, பிறகு 20. எடையை எடுத்ததும் கருவி நேராகத் திரும்பினால் பதம் சரி. வளைந்தே நின்றால் தோய்ச்சலில் சூடு போதவில்லை, அல்லது நீலத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. முறிந்தால் மறுசூடு குறைவு, அல்லது எங்கோ ஒரு கீறல் விடுபட்டிருக்கிறது. முறிந்த முகத்தைப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

மேல்பூச்சு

கரிந்த படலத்தை 400 உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுங்கள். ஓ-1 எஃகு வியர்வைபட்டாலே துருப்பிடிக்கும். வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியால் மூடிச் சில நிமிடம் வைத்தால் சாம்பல் நிறப் படலம் படியும்; சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயோ மெழுகோ தடவுங்கள். எனக்குப் பளபளப்பைவிட இந்தச் சாம்பல் நிறம்தான் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

மாதங்கள் போகப் போக நுனி லேசாக மழுங்கும். அரம் இனி அதில் சரியாக ஏறாது. தட்டையான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து 1.2 மில்லிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். சுழலும் சாணையில் பிடித்தால் ஒவ்வொரு மூன்று விநாடிக்கும் தண்ணீரில் தோய்த்தெடுங்கள். நீலத்தையும் தாண்டி நுனி சாம்பல் நிறமாகிவிட்டால் அந்தப் பகுதியின் பதம் போய்விட்டது. அதை நீலம் தெரியும் இடம் வரை தேய்த்துத் தள்ளிவிட்டு, மூக்கைப் புதிதாக வடிவமையுங்கள்.